படைப்புழுவுக்கு எந்தப் பயிற்சி? ஐந்து வழிகளும் ஒரு முடிவும்

பெரம்பலூர் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம் போடுகிற ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் உறுப்பினர்கள். மக்காச்சோளத்தைத் தின்று அழிக்கும் படைப்புழுவைச் சமாளிக்கப் பயிற்சி நடத்தலாம் என்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். இயக்குநர் கூட்டத்தில் வழக்கமாக ஐந்து யோசனைகள் வரும்: மண்டபத்தில் ஒருநாள் வகுப்பு, செயல்விளக்கத் திடல் (வயலில் செய்து காட்டுவது), கண்டுணர் சுற்றுலா (வேறு ஊர்ப் பண்ணையைப் போய்ப் பார்ப்பது), உழவர் வயல்வெளிப் பள்ளி (ஒரே வயலில் வாராவாரம் கூடிக் கற்பது), வீடியோ. ஐந்தையும் செய்யப் பணம் போதாது. எதை எடுப்பது, எதை விடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் வயலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு வயல்வெளிப் பள்ளிதான் சரி. மற்ற நான்கும் அதற்குத் துணையாக வரலாம், ஆனால் அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. அதே நிறுவனம் பயிர்க் காப்பீட்டைப் பற்றியோ விதை நேர்த்தியைப் பற்றியோ பயிற்சி கொடுப்பதாக இருந்தால் என் பதில் வேறு. கற்றுக்கொள்ள வந்தவர் நாளைக்கு வயலில் போய் எதைச் செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்துதான் பயிற்சியின் வடிவம் அமைய வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மண்டபமும் தேதியும் முதலில் முடிவாகிவிடும்; என்ன சொல்லித்தருவது என்பது கடைசியில்தான் வரும்.

சரி, முதலில் புழுவைப் பார்ப்போம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2016இல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில், இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்து, அரசு நிவாரணம் கொடுக்கும் அளவுக்குச் சேதம் செய்தது. தாய் அந்துப்பூச்சி இரவில் முட்டைக் குவியல் இடுகிறது. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிகிறது. சின்னப் புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டும். இலையில் கண்ணாடி போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கி, மேலே மரத்தூள் மாதிரி எச்சத்தைத் தள்ளி அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் எந்த மருந்தை அடித்தாலும் புழுமேல் படுவது கஷ்டம். புழுப்பருவம் மொத்தமே ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம். எளிதாகக் கட்டுப்படுத்தக்கூடிய காலம் அதில் முதல் வாரம்தான்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வாரக் கணக்கே வழிகாட்டுகிறது. விதைப்பதற்கு ஒரு மாதம் முன்னால் நடத்தும் வகுப்பில் காட்டுவதற்குப் புழு இருக்காது. அறுவடை நெருங்கும்போது நடத்தினால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்தாலும் ஒரு தலைமுறைப் புழு குருத்துக்குள் போய்விட்டிருக்கும். உலக வங்கி ஆதரவுடன் 1970களில் டேனியல் பெனோர் இந்தியாவில் பரப்பிய விரிவாக்க முறை (வேளாண் செய்திகளை உழவரிடம் கொண்டுசேர்க்கும் முறை), பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலுவலர் வந்து தொடர்பு உழவர்களைச் சந்திப்பது என்ற அடிப்படையில்தான் இயங்கியது. பாசனப் பயிருக்கு உர அளவு, ரகத்தின் பெயர் போன்ற செய்திகளைக் கொண்டுசேர்க்க அந்த இடைவெளி போதும். இந்தப் புழுவுக்குப் போதாது. வகுப்புகளுக்கு இடையில் எத்தனை நாள் என்பதைப் புழுவின் வளர்ச்சியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

மண்டப வகுப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. நூறு பேருக்கு ஒரே நாளில் ஒரே செய்தியைச் சொல்ல அதைவிட மலிவான வழி இல்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் கட்டும் பிரீமியம் காரிப் பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ரபிக்கு 1.5 சதவீதம், கடைசித் தேதி எது, என்ன ஆவணம் வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல மண்டபம் போதும். அதிலும்கூட வெறுமனே பேசி அனுப்பாமல், சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பவைத்தால்தான் அது பயிற்சி. வீட்டுக்குப் போகும்போது வேலை முடிந்திருக்க வேண்டும்.

படைப்புழுவை மண்டபத்தில் சொல்லித்தர முடியாததற்குக் காரணம் பேச்சாளரின் திறமைக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. புழுவின் தலையில் தலைகீழ் ஒய் எழுத்துப்போல ஒரு கோடும், பின்முனைக்குச் சற்று முன்னால் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இதைத் திரையில் பெரிதாகக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். காலை வெயிலில், அரை அங்குலம்கூட இல்லாத புழுவைக் குருத்தைப் பிரித்துத் தேடுகிறபோது அந்தப் படம் உதவிக்கு வராது. அங்கே வேண்டியது கண்ணுக்கும் விரலுக்கும் ஆன பழக்கம். அப்புறம், கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இருபது முப்பது வருடமாக வெள்ளாமை செய்கிறவர்கள். தன் அனுபவத்துக்கு அங்கே இடம் இருக்கிறதா, இது தன் பிரச்சினையைத் தீர்க்குமா என்றுதான் வயதுவந்தவர் முதலில் பார்ப்பார். முதியோர் கல்வியைப் பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் போன்றவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் மட்டும் பேசுகிற இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

செயல்விளக்கத் திடல் இதைவிட ஒரு படி மேல். இதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு. 1903இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில், சீமன் நாப் என்பவர் வால்டர் போர்ட்டர் என்ற உழவரின் சொந்த நிலத்திலேயே ஒரு திடல் போடவைத்தார். பருத்திக் காய்வண்டு அந்த மாநிலத்தை ஆட்டிப்படைத்த காலம் அது. நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர்க்காரர்களே ஒரு நிதி திரட்டி வைத்தார்கள். போர்ட்டருக்கு லாபம்தான் வந்தது. அரசுப் பண்ணையில் நடக்கிற திடலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. பக்கத்து வீட்டுக்காரர், தன் மண்ணில், தன் கூலிக் கணக்கில் செய்து காட்டும்போது மறுப்பதற்கு இடம் குறைகிறது. அவர் தைரியமாகச் செய்ய வேண்டுமென்றால் நட்டத்துக்கு ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். நம் நிறுவனங்கள் திடல் போடுகிறவருக்கு விதையும் உரமும் கொடுக்கின்றன. நட்டத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அரை ஏக்கருக்கு அப்படி ஓர் உத்தரவாதம் கொடுப்பது பெரிய செலவும் இல்லை.

கைவேலையைக் கற்றுக்கொடுக்கத் திடலை மிஞ்ச ஒன்றும் இல்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும். செய்து பார்த்தால்தான் அது எத்தனை வேலை என்று தெரியும். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு. இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் அடிக்க வேண்டும், குருத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறை இடித்து, வடிகட்டி, அடித்துப் பார்த்துவிட்டால் அந்த வேலை வந்துவிடும். வரப்புப் பயிராகத் தட்டைப்பயறு போடுவது, விதை நேர்த்தி செய்வது எல்லாம் இந்த வகைதான்.

எங்கே திடல் நின்றுவிடுகிறது என்றால், முடிவெடுக்க வேண்டிய இடத்தில். இன்றைக்கு அடிக்கலாமா, இன்னும் நான்கு நாள் பார்க்கலாமா என்ற கேள்வி ஒரே நாள் செயல்விளக்கத்தில் அடங்காது. மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரைப்படி, பயிரின் ஆரம்பத்தில் நூற்றுக்கு 5 செடி பாதித்திருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். குருத்து நன்றாக வளர்ந்த பருவத்தில் 10 முதல் 20 வரை பொறுக்கலாம். வயலில் டபிள்யூ எழுத்து வடிவத்தில் நடந்து, ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடியாக ஐம்பது செடியைப் பார்த்தால் இந்தக் கணக்கு கிடைத்துவிடும். ஐம்பதில் மூன்று என்றால் ஆரம்பப் பருவத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. அதே மூன்று ஐந்தாவது வாரத்தில் இருந்தால் ஒரு டேங்க் மருந்துச் செலவு மிச்சம். இந்த நிதானம் ஒருவருக்கு வர, ஒரே வயலை வாராவாரம் பார்த்தாக வேண்டும்.

வயல்வெளிப் பள்ளி இதற்காகவே பிறந்தது. 1970களிலும் 80களிலும் இந்தோனேசிய நெல் வயல்களைப் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அழித்தது. மருந்து அடிக்க அடிக்கச் சிலந்தி முதலிய இயற்கை எதிரிகள் செத்து, புகையான் இன்னும் பெருகியது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. தடைசெய்த பிறகு உழவர் எதைக் கொண்டு முடிவெடுப்பார்? அதற்காக 1989இல் ஜாவாவில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு முதல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. அங்கிருந்து அது 90க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்ச்சேர்ந்தது.

நடக்கும் முறை எளிமையானது. சுமார் 25 பேர். வாரம் ஒருநாள் காலை, அதே வயலில். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் இறங்கிச் செடிகளைப் பார்க்கிறார்கள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பெரிய தாளில் வரைகிறார்கள்: நடுவில் செடி, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி, கூடவே எண்ணிக்கை, ஈரம், வானிலை. ஒவ்வொரு குழுவும் எழுந்து, “நாங்க இந்த வாரம் இதைத்தான் செய்வோம்” என்று சொல்ல வேண்டும். மற்ற குழுக்கள் கேள்வி கேட்கும். பக்கத்தில் இரண்டு பாத்தி இருக்கும். ஒன்று வழக்கமான முறை, மற்றது குழு எடுக்கும் முடிவுப்படி நடப்பது. பருவம் முடியும்போது இரண்டின் செலவையும் மகசூலையும் எல்லோர் முன்னாலும் கூட்டிப் பார்ப்பார்கள்.

வகுப்பை நடத்துகிறவர் பதில் சொல்வதைத் தள்ளிப்போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு பெண் உள்ளங்கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு, “அண்ணே, இது என்ன பூச்சி?” என்று கேட்டால், பெயரைச் சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். “எங்கம்மா பார்த்தீங்க? என்ன பண்ணிட்டிருந்துச்சு? புழு இருந்த செடியா, இல்லாத செடியா?” என்று திருப்பிக் கேட்டால் அந்த அம்மா மறுபடி வயலுக்குள் போவார். பின்னால் இடுக்கி வைத்த அந்தப் பூச்சி படைப்புழுவின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறதா என்று பார்க்க, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மேலே கொசுவலைத் துணி கட்டி, மறுநாள் திறந்து பார்த்தால் போதும். அதைக் கண்ணால் பார்த்தவரிடம் மருந்துக் கடையில் என்ன சொன்னாலும், அவர் ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்பார். ஐப்பசி மழையில் சில புழுக்கள் பூஞ்சாணம் பிடித்து விறைத்து இலையோடு ஒட்டிக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்த குழுவுக்கு அன்றைய வகுப்பில் இருக்கும் உற்சாகம் எந்தப் பரிசு கொடுத்தாலும் வராது.

தேர்வும் வயலிலேயே. ஒரு செடியில் குச்சி கட்டி, கேள்வியும் மூன்று பெட்டிகளும் வைப்பார்கள். “இந்தச் சேதம் செய்தது எது?” பக்கத்திலேயே உயிருள்ள மூன்று பூச்சிகள். சரியென்று நினைக்கும் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தலைநிமிர்ந்து எழுதக்கூடிய தேர்வு இது. முதல் வாரமும் கடைசி வாரமும் இதை வைத்தால், பயிற்சியால் என்ன மாறியது என்று நிறுவனத்துக்கும் தெரியும்.

வயல்வெளிப் பள்ளிக்கு எதிரான வாதங்களையும் மறைக்கக் கூடாது. 2004இல் உலக வங்கி ஆய்வாளர்கள் இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்து, கலந்துகொண்டவர்களின் மகசூலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று எழுதினார்கள். வேறு பல ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டின. 2014இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது, கலந்துகொண்டவருக்குப் பலன் உண்டு, பக்கத்து உழவருக்கு அது தானாகப் பரவுவதில்லை என்று தெரியவந்தது. பரவாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. முடிவெடுக்கும் பழக்கம் வாய்ச்சொல்லாகப் பக்கத்து வயலுக்குப் போகாது. “அவன் அடிக்கல, தப்பிச்சுக்கிட்டான்” என்ற செய்திதான் போகும். திட்டம் பெருகப் பெருக நடத்துகிறவர்களின் தரம் குறைந்ததும் பலன் குறையக் காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆகவே நிறுவனத்தின் இயக்குநர்கள் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். 25 பேருக்குப் பள்ளி நடத்தினால் 25 பேர்தான் கற்றிருப்பார்கள். மீதி 975 பேருக்கு வேறு வழி தேட வேண்டும்.

அங்கேதான் வீடியோ வருகிறது. 2006இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தொடங்கி, பிறகு தனி அமைப்பான டிஜிட்டல் கிரீன், கர்நாடகக் கிராமங்களில் ஒரு வருடத்துக்கும் மேல் சோதனை நடத்தியது. வழக்கமான விரிவாக்க முறையைவிட ஏழு மடங்கு உழவர்கள் புதிய நடைமுறைகளைச் செய்துபார்த்தார்கள் என்பது அவர்கள் வெளியிட்ட முடிவு. வீடியோவில் பேசியவர்கள் உள்ளூர் உழவர்கள். ஊரில் ஒருவர் அதைப் போட்டு, நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, யார் செய்யப்போகிறீர்கள் என்று பெயர் எழுதிக்கொண்டு, பிறகு போய்ப் பார்த்தார். வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் வீடியோவையும் இதையும் ஒன்றாக எண்ணினால் ஏமாந்துபோவோம். வயலில் பார்க்க முடியாததைக் காட்டவும் வீடியோதான் வசதி: இரவில் அந்துப்பூச்சி முட்டை இடுவது, முட்டை பொரிந்து புழு நூல் விட்டுப் பரவுவது. வயல்வெளிப் பள்ளியில் நன்றாகப் பேசுகிற இரண்டு உறுப்பினர்களை வைத்து, அவர்கள் பேச்சுவழக்கிலேயே ஐந்து நிமிட வீடியோ எடுத்தால் மீதி ஊர்களுக்கு அதுவே பாடம்.

கண்டுணர் சுற்றுலாவுக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். பேருந்து வாடகையும் சாப்பாடும் பெரிய செலவு. போய்ப் பார்க்கும் பண்ணை பெரும்பாலும் கிணற்றுப் பாசனம். நம் ஆட்கள் மானாவாரிக் கரிசல். “உங்களுக்குத் தண்ணி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே மண், அதே மழை உள்ள ஊருக்கு, பயிர் நிற்கும்போது போய், அந்த ஊர் உழவர் தன் நட்டத்தையும் மறைக்காமல் பேச ஒப்புக்கொண்டால் மட்டும் பணம் செலவழிக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் பெரும்பாலான பயிற்சிகள் சறுக்குகின்றன. வருகைப் பதிவேட்டில் பட்டாவில் பெயர் உள்ளவர்கள் இருப்பார்கள். இருபதாம் நாள், முப்பதாம் நாள் களையெடுப்பில் வரிசை வரிசையாக ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்க்கிறவர்கள் பெண்கள். வெள்ளைத் திட்டு முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். தெளிப்பானைத் தூக்குகிறவர் இன்னொருவர். மருந்துக் கடையில் கடன் வைக்கிறவர் மூன்றாமவர். இந்த மூவரில் ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் முடிவு மாறாது. அதனால் ஒரு குடும்பத்திலிருந்து இருவரைச் சேர்ப்பதையும், அதில் ஒருவர் களையெடுக்கும் பெண்ணாக இருப்பதையும் நிபந்தனையாகவே வைக்கலாம். கூலிக்குப் போகிறவர் வந்தால் அன்றைய சம்பளம் போகிறது. நூறு நாள் வேலைக்கே 2025-26இல் தமிழ்நாட்டில் 336 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. டீ, வடை, பை, குறிப்பேடு எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு அந்தக் கூலியில் பாதியையாவது கொடுத்தால் வருகை குறையாமல் இருக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிட்டால் பலருக்கு வேலையும் போகாது.

என் பரிந்துரை இப்படி: ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி இரண்டு ஊர்களில் இரண்டு வயல்வெளிப் பள்ளிக்கு. அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் நடக்கும் பண்ணைப் பள்ளிகள் வழக்கமாக 25 பேருக்கு ஆறு வகுப்புகள். அந்த உதவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆறும் வாராவாரம், முளைத்த பத்தாம் நாளில் தொடங்கி நாற்பத்தைந்தாம் நாளுக்குள் வந்துவிட வேண்டும். மாதம் ஒன்றாக நீட்டினால் புழுவைத் தவறவிடுவோம். அறுவடைக் கணக்குப் பார்க்கும் ஏழாவது நாளை நிறுவனமே தன் செலவில் நடத்தலாம். திடல், பள்ளி நடக்கும் வயலிலேயே ஒரு பகுதி. அந்த நிலத்துக்காரருக்கு நட்ட உத்தரவாதம் எழுத்தில். வேப்பங்கொட்டைக் கரைசல் இரண்டாம் வகுப்பிலேயே கையால். மூன்றாம் வாரம் வீடியோ எடுத்து, நான்காம் வாரம் மற்ற ஊர்களில் திரையிடல். மண்டபம் காப்பீட்டுக்கு மட்டும், விதைப்புக்கு முன் ஒருநாள்.

இதெல்லாம் நடத்துகிற ஆளைப் பொறுத்தது. கேள்விக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த, வயலில் இறங்கக் கூச்சப்படாத ஒருவர் இல்லாமல் பள்ளியை அறிவித்துவிட்டால், மண்டப வகுப்பையே மரத்தடியில் ஆறு தடவை நடத்தியது போலாகிவிடும். அப்படி ஒருவர் கைவசம் இல்லையென்றால், இந்தப் பருவத்துக்குத் திடலும் வீடியோவும் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்களில் இரண்டு பேரை, ஒருவராவது பெண்ணாக, வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பேசிப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, பள்ளியை அடுத்த புரட்டாசிக்குத் தொடங்கலாம்.